ஒட்டகச்சிவிங்கி பார்த்த திசை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், உயர்தர உயிரியல் பிரிவில் ஒன்றாகப் படித்த தோழிகள் எழுவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை ஏழு பேர் சேர்ந்து எழுதினோம். வாசிப்பதற்கு மட்டும் ஒருத்தியை மேடைக்கு அனுப்பியிருக்கிறோம். நல்லதாக ஏதும் இருந்தால் எமக்குக் கற்பித்தவர்களுக்குச் சேரட்டும். பிழைகளை நாங்கள் ஏழாகப் பங்கிட்டுக் கொள்கிறோம்.

அறுபது வயதானதை எப்படிக் கொண்டாடுவது என்று எமது வகுப்பில் ஒரு பேச்சு எழுந்தது. மண்டபம் எடுத்து, பட்டுச்சேலை கட்டி, படம் பிடித்துப் பிரிவதில் எவருக்கும் மனமில்லை. யாழ்ப்பாணத்தில் இருவர், கொழும்பில் ஒருத்தி, இலண்டனில் இருவர், ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் ஒவ்வொருத்தி. எல்லோரும் நைரோபியில் சந்தித்து, எட்டு நாட்கள் கென்யாவில் விலங்கு பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஏன் விலங்கு? அதற்குக் காரணம் எமது விலங்கியல் ரீச்சர். ஆய்வுகூடச் சுவரில் தொங்கிய பழைய படத்தைக் காட்டி அவர் ஒருநாள் கேட்டார்: "ஒட்டகச்சிவிங்கி என்ற பெயரில் ஒட்டகம் தெரியுது. சிவிங்கி எங்கே?" ஒருவருக்கும் விடை தெரியவில்லை. சிவிங்கி என்பது ஆங்கிலத்தில் சீற்றா என்று சொல்லும் விலங்கு, ஒட்டகத்தின் கழுத்தும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்ததால் அந்தப் பெயர் என்று அவரே விளக்கினார். சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தையின் உடலில் பூப்போல வளையமான புள்ளிகள். சிவிங்கிக்கு மையால் ஒற்றியது போன்ற தனிப் புள்ளிகள். கண்ணின் ஓரத்திலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு. தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எங்களில் நால்வர் பிழையாக எழுதினோம். அந்தக் கோட்டை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்று தொடங்கியதுதான்.

"சபாரி" என்ற சொல்லுக்குச் சுவாகிலி மொழியில் பயணம் என்றுதான் பொருள். அது அரபு மொழியிலிருந்து வந்தது. சிங்கத்துக்கு "சிம்பா" என்று சொல்வார்கள். தமிழ் நாவுக்கு அது சிரமமாக இருக்கவில்லை. சிறுத்தை "சுயி", சிவிங்கி "டுமா". எமது சாரதி முதல்நாளே எங்களை "மாமா" என்று அழைத்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தோம். சுவாகிலியில் மாமா என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அப்படி அழைப்பது அங்கு வழக்கம். எட்டு நாட்களும் நாங்கள் ஏழு மாமாக்களாக இருந்தோம்.

முதலில் சென்றது அம்போசெலி. ஏறத்தாழ 390 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்குத் தெற்கே, தன்சானிய எல்லைக்கு அப்பால், 5,895 மீற்றர் உயரமான கிளிமஞ்சாரோ நிற்கிறது. காலையில் முகில் விலகும் சிறிது நேரத்துக்குத்தான் முகம் காட்டும். அதன் முன்னால் யானைகள் வரிசையாகச் சதுப்பு நிலத்துக்கு இறங்கின. இங்குள்ள யானைகளைச் சிந்தியா மொஸ் என்ற பெண் 1972ஆம் ஆண்டு முதல் குடும்பம் குடும்பமாகப் பெயரிட்டு ஆராய்ந்து வந்திருக்கிறார். குடும்பத்துக்குத் தலைமை தாங்குவது மூத்த பெண் யானை.

நாங்கள் யானையைப் பார்க்கிறோம் என்று நினைத்துக் கொண்டிருந்தோம். யானையும் எங்களைக் கேட்டுக் கொண்டிருக்கிறது என்பதைச் சாரதி சொல்லித்தான் அறிந்தோம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அம்போசெலி யானைகளுக்கு மனிதக் குரல்களை ஒலிபரப்பிப் பார்த்திருக்கிறார்கள். மாசாய் ஆண்களின் குரலைக் கேட்டதும் யானைகள் ஒன்றோடொன்று நெருங்கி, தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தன. அவற்றோடு அடிக்கடி மோதுபவர்கள் அந்த ஆண்கள்தான். கம்பா இனத்து ஆண்களின் குரலுக்கும், மாசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அவ்வளவு அச்சம் காட்டவில்லை. யாரால் ஆபத்து என்பதைக் குரலை வைத்தே பிரித்தறிகின்றன. இதைக் கேட்டதும் ஜீப்புக்குள் இருந்த அரட்டை தானாக அடங்கியது. எமது வகுப்பாசிரியைகள் பிரம்பைக் காட்டியும் சாதிக்க முடியாத காரியம் அது.

அங்கிருந்து மாசாய் மாராவுக்குப் போனோம். மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீற்றர். அதற்குத் தெற்கே, வேலி எதுவும் இல்லாமல், தன்சானியாவின் செரெங்கெட்டி தொடங்குகிறது. அது 14,763 சதுர கிலோமீற்றர். மழையைத் தேடிப் புல்லைத் தொடர்ந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ற் என்னும் தாடி வைத்த பெருமான்களும், இலட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் ஆண்டு முழுவதும் இந்த நிலத்தைச் சுற்றி வருகின்றன. யூலை முதல் ஒக்ரோபர் வரை அவை மாராப் பக்கம் இருக்கும். நாங்கள் போனது ஓகஸ்ற் மாதம்.

இங்கேதான் எங்களைப் பட்டியல் வியாதி பிடித்தது. "பெரிய ஐந்து" என்று ஒரு கணக்கு இருக்கிறது: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. அழகுக்காக எவரும் அந்த ஐந்தைத் தெரிவு செய்யவில்லை. நடந்து சென்று சுடுவதற்கு மிகவும் ஆபத்தானவை என்று அந்நாளைய வேட்டைக்காரர் வகுத்த கணக்கு அது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்துவிட்டது. கணக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. நாங்களும் ஒரு கொப்பியில் ஐந்து கட்டம் கீறி, ஆறாவதாகச் சிவிங்கியையும் சேர்த்துக் கொண்டோம். முதல்நாள் முழுவதும் வானொலியில் வரும் செய்தியைத் துரத்தி ஓடினோம். ஓரிடத்தில் பதினான்கு வாகனங்களுக்கு நடுவே ஒரு சிங்கம் நித்திரை. சிங்கம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் வரைகூடப் படுத்திருக்கும் விலங்கு. நாங்கள் படம் எடுத்து, கட்டத்தில் சரி போட்டு, அடுத்ததற்கு ஓடினோம். இரவு படங்களைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் மற்ற வாகனங்களின் சில்லுகளே தெரிந்தன.

அடுத்த நாள் காலை நாங்கள் சாரதியிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். "தம்பி, இன்றைக்கு வானொலியைக் குறைத்து வைத்துவிட்டு, நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எங்களுக்குப் படிப்பியுங்கள்." அவர் சிரித்தார். இப்படி ஒருவரும் கேட்பதில்லை என்றார். அன்று அவர் கற்றுத் தந்ததை உங்களோடு பகிர்வது எமது கடமை.

முதலாவது, விலங்கைத் தேடாமல் பொருத்தமில்லாததைத் தேடுங்கள். புல் நெடுக்காக நிற்கும். அதில் கிடையாக ஒரு கோடு தெரிந்தால் அது ஒரு முதுகாக இருக்கலாம். காற்றில்லாத வேளையில் அசையும் ஒரு புல், மரக்கிளையிலிருந்து நேராகத் தொங்கும் ஒரு "கொடி", கறையான் புற்றின் உச்சியில் கூடுதலாக ஒரு மேடு, இவற்றை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பற்றையைப் பார்க்காமல் பற்றைக்கு ஊடாகப் பாருங்கள். கண் முதலில் இலையில் நின்றுவிடும். அதைக் கடந்து பின்னாலுள்ள நிழலுக்குப் பழக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்களைவிட நன்றாகப் பார்ப்பவர்கள் அங்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பாருங்கள். மேய்ந்து கொண்டிருக்கும் மான் கூட்டம் தலை நிமிர்த்தி ஒரே பக்கம் நோக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. எருமையினதும் காண்டாமிருகத்தினதும் முதுகில் இருந்து உண்ணி பொறுக்கும் ஒரு சிறு குருவி உண்டு. அதற்குச் சுவாகிலியில் காண்டாமிருகத்தின் காவற்காரன் என்று பெயர். மனிதர் நெருங்கினால் அது கத்தி எச்சரிக்கும். வேர்வெற் என்னும் சிறு குரங்குகளோ சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் வைத்திருக்கின்றன. அம்போசெலியில் அந்தக் குரல்களைப் பதிவு செய்து திருப்பி ஒலிபரப்பிய ஆய்வு 1980இல் வெளியானது. சிறுத்தைக் குரலுக்கு மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன. பாம்புக் குரலுக்கு எழுந்து நின்று நிலத்தைப் பார்த்தன.

அன்று பின்னேரம் ஆற்றோரத்தில் குரங்குகள் கத்திய மரத்துக்கு அடுத்த மரத்தில், தொங்கிய வாலை வைத்தே சிறுத்தையைக் கண்டோம். கிளையில் ஒரு மானையும் ஏற்றி வைத்திருந்தது. வில்பத்துவிலும் யாலவிலும் சிறுத்தை நடுப்பாதையில் நடந்து போவதைப் பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். எமது நாட்டில் அதற்கு மேல் சிங்கமும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை. மாராவில் இரண்டும் உண்டு. அதனால் உணவை மரத்தில் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இனி நாங்கள் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம்.

மூன்றாம் நாள் காலை, ஆறரை மணி இருக்கும். மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் மேயாமல் நின்று ஒரே திசையைப் பார்த்துக் கொண்டிருந்தன. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். பத்து நிமிடம் தொலைநோக்கியால் தேடியும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி, கண்ணில் சத்திரசிகிச்சை செய்து ஆறு மாதமே ஆனவள், மெல்லச் சொன்னாள்: "புல்லுக்குள்ள ஒரு வெள்ளை நுனி ஆடுது." அது வால். வாலுக்கு முன்னால் ஒரு தாய்ச் சிவிங்கி. அதற்குப் பின்னால் மூன்று குட்டிகள். முதுகில் சாம்பல் நிற மயிர் இன்னும் உதிராத குட்டிகள். தாய் தலையைத் திருப்பியபோது கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கும் அந்தக் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் பரீட்சையில் தவறவிட்ட புள்ளிகளை அன்று நாங்கள் திரும்பப் பெற்றோம்.

அரை மணித்தியாலம் நாங்கள் மட்டுமே. தாய் எழுந்து ஒரு சிறு மான் கூட்டத்தை நோக்கித் தாழ்ந்து நகரத் தொடங்கியது. சிவிங்கி பகலில் வேட்டையாடும். இரவு சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் உரியது. அதன் வேகம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஓட்டம் சில நூறு மீற்றர்தான். தவறினால் மூச்சு வாங்கி, இளைப்பாறி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போதுதான் முதல் வாகனம் வந்தது. நாங்கள் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதைத் தூரத்திலிருந்து கண்டு வந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒட்டகச்சிவிங்கி காட்டித் தந்தது போல, மற்றவர்களுக்கு நாங்கள் காட்டிக் கொடுத்துவிட்டோம். கால் மணித்தியாலத்தில் பதினேழு வாகனங்கள். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வாகனத்துக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீற்றருக்கு உள்ளே போகக்கூடாது, மற்றவர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒரு வாகனம் தாய்க்கும் மான்களுக்கும் நடுவே குறுக்காக ஓடியது. மான்கள் பறந்துவிட்டன. தாய் அப்படியே நிலத்தில் குந்தியது. குட்டிகள் குருவிக் குஞ்சுகள் போலக் கீச்சிட்டன. சிவிங்கிக் குட்டியின் குரல் அப்படித்தான் இருக்கும்.

சாரதி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "மாமா, நாங்கள் போவோமா?"

ஜீப்புக்குள் சண்டை வந்தது. மறைக்காமல் சொல்கிறோம். "நாங்கள்தானே கண்டுபிடிச்சது. பிறகு வந்தவை போகட்டும்" என்றாள் ஒருத்தி. அவள் இந்தப் பயணத்துக்காக இரண்டு ஆண்டுகள் கூடுதல் நேரம் வேலை செய்து காசு சேர்த்தவள். இன்னொரு முறை வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "பதினேழில ஒண்டு குறைஞ்சா என்ன மாறப் போகுது?" என்று இன்னொருத்தி கேட்டாள். அது நியாயமான கேள்வி. எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

அப்போது, போர்க்காலம் முழுவதும் ஊரிலேயே இருந்து மூன்று பிள்ளைகளை வளர்த்த எங்கள் தோழி, கமராவை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளையளுக்குச் சாப்பாடு தேடிப் போற தாயை மறிச்சுக்கொண்டு நிக்கிறம். எனக்குப் பார்க்க ஏலாது. போவம்."

அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. சாரதி மெதுவாகப் பின்னால் எடுத்தார். நாங்கள் விலகிய இடத்துக்கு உடனே வேறொரு வாகனம் வந்து நின்றது. அதையும் கண்டோம். அந்தத் தாய் அன்று ஏதும் பிடித்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பிய பின் இதைப்பற்றி வாசித்தோம். உலகில் வளர்ந்த சிவிங்கிகள் ஏழாயிரம் அளவில்தான் மிஞ்சியுள்ளன. மாராவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளியாகியிருக்கிறது. சுற்றுலா வாகனங்கள் குறைந்த பகுதிகளில் ஒரு தாய், ஓர் ஈற்றில் சராசரியாக 2.32 குட்டிகளைத் தனித்து வாழும் பருவம் வரை வளர்த்தெடுக்கிறது. வாகனங்கள் மிகுந்த பகுதிகளில் அந்தச் சராசரி 0.21. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. வாகனம் ஏற்றி எவரும் கொல்லவில்லை. வேட்டை குழம்புகிறது, தாய் பட்டினி கிடக்கிறது, குட்டிகள் தேறுவதில்லை என்பதே ஆய்வாளர் கருதும் காரணம். பதினேழு வாகனத்தில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வந்தவரில்லை. எல்லோரும் எங்களைப்போல ஆசையோடு வந்தவர்கள்தான்.

அதனால் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பார்வையாளர் கொடுக்கும் பணமே அந்த நிலம் காடாக இருப்பதற்கு ஒரு காரணம். காப்பகத்தைச் சுற்றி மாசாய் மக்களின் சொந்தக் காணிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பாதுகாப்பு நிலங்கள் உள்ளன. குத்தகைப் பணம் காணிக்காரருக்குப் போகிறது. வாகன எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. செலவு கூடத்தான். நாட்களில் ஒன்றைக் குறைத்துவிட்டு அங்கே தங்குவது மேல் என்பது எமது அபிப்பிராயம்.

போகும் தங்கைமாருக்குச் சில குறிப்புகள். மஞ்சட்காய்ச்சல் ஊசியும் அதற்கான அத்தாட்சிப் பத்திரமும், மலேரியாத் தடுப்பு மாத்திரையும் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். நீலமும் கறுப்பும் செற்சி ஈயைக் கவரும் நிறங்கள், மண்நிறத்தில் உடுங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்ரிக் பைகளுக்குத் தடை. சாமான் கட்டும்போதே கவனியுங்கள். விடியலையும் பின்னேரத்தையும் தவறவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைநோக்கி இருந்தால் கிட்டப் போகச் சொல்லும் ஆசை பாதியாகக் குறையும்.

கடைசியாக ஒன்று. கிட்டப் போனால் அன்பளிப்புக் கூடும் என்று நினைத்தே பல சாரதிமார் விதியை மீறுகிறார்கள். ஆகவே முதல்நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "தம்பி, எங்களுக்கு அவசரமில்லை. தூரத்தில் நின்றாலும் உங்கள் அன்பளிப்புக் குறையாது." இந்த இரண்டு வசனமும் எத்தனையோ அறிவித்தற் பலகைகளைவிடப் பயன் தரும் என்று நம்புகிறோம்.

வராமல் நின்றிருக்கலாம் என்று சொன்ன தோழி இன்றும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இந்த உரையின் வரைவை அனுப்பியபோது, "நான் சொன்னதையும் போடுங்கோ, வெட்டாதேங்கோ" என்று எழுதினாள். வெட்டவில்லை. அவளிடம் அந்தக் காலையில் எடுத்த ஒரேயொரு படம் இருக்கிறது. அதில் சிவிங்கி இல்லை. மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் நின்று எங்கேயோ பார்த்துக் கொண்டிருக்கின்றன. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, எமது பழைய ஆய்வுகூடத்துக்கு இன்று அன்பளிப்பாகத் தந்திருக்கிறோம். சுவரில் அந்தப் பழைய படம் தொங்கிய இடத்தில் மாட்ட அதிபர் அவர்கள் அனுமதி தந்தமைக்கு நன்றி.

பிள்ளைகள் யாராவது "சிவிங்கி எங்கே?" என்று கேட்டால், ரீச்சர்மாரே, அந்த ஒட்டகச்சிவிங்கிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.